சிறு செய்மதி ஏவூர்தி சுமக்கும் பாரம்

மனிதன் ஆக்கிய ஊர்திகள் பலவற்றுள் ரொக்கெட் என வழங்கும் ஏவூர்தி தனியொரு வகையினது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பத்துத் தொன் நெல்லை ஏற்றிச் செல்லும் பாரவூர்தி ஒன்றுக்கு வேண்டிய எரிபொருள் சில பத்து லீற்றரே. அங்கே சுமை பெரிது, எரிபொருள் சிறிது. ஏவூர்தியிலோ இம்முறை முற்றும் தலைகீழாய் அமைகின்றது. உந்துபொருளே ஊர்தியின் பெரும்பகுதியாகின்றது. சுமை அதன் நுனியில் வைக்கப்பட்ட ஒரு சிறு பொதியாய் நிற்கின்றது.

இந்தியா தன் சொந்த ஏவூர்தியாற் செய்மதியொன்றை விண்ணிற் செலுத்தியது 1980 யூலை 18ஆம் நாளிலாகும். அதற்கு முன்னர் 1979 ஓகஸ்ட் 10ஆம் நாள் நிகழ்ந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. இராமேசுவரத்திற் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அத்திட்டத்தின் இயக்குநராய் விளங்கினார். எஸ்.எல்.வி.–3 என்னும் அவ்வேவூர்தி 17 தொன் நிறையுடையது. அது சுமந்து சென்ற ரோகிணி செய்மதியோ 35 கிலோகிராம் மட்டுமே. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு என்க. நாலு தசாப்தங்கள் கழிந்தபின், சிறு செய்மதிகளுக்கெனவே எஸ்.எஸ்.எல்.வி. என்னும் புதிய ஏவூர்தியை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைத்தது. அதன் உயரம் 34 மீற்றர். விட்டம் 2 மீற்றர். புறப்படும்போது நிறை ஏறத்தாழ 120 தொன். அது 500 கிலோகிராம் சுமக்கும் என்பது அந்நிறுவனத்தின் அறிவிப்பு.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. ஐந்நூறு கிலோகிராம் என்பது எவ்விடத்துக்கு? எத்திசையில்? எந்த உயரத்துக்கு? இவ்வினாக்களை எழுப்பாது சுமையின் அளவை மட்டும் கூறுவது, ஊரும் வழியும் கூறாது வண்டிக்கூலி பேசுவதை ஒக்கும். அதே ஏவூர்தி, துருவங்களை அண்டிச் செல்லும் சுற்றுப்பாதைக்கு 300 கிலோகிராமையே சுமக்கும் என அந்நிறுவனமே கூறுகின்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்பாதையை நாடினாலோ இந்த முந்நூறும் எஞ்சுவது அரிது. இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த கணிதங் கொண்டே ஆராயலாம்.

வேண்டிய வேகம்

செய்மதி விண்ணில் நிற்பது உயரத்தினால் அன்று, வேகத்தினாலாகும். கிடையாக எறியப்பட்ட கல் வளைந்து நிலத்தில் வீழ்கின்றது. எறியும் வேகம் மிகுந்தால், கல் வீழும் வளைவும் பூமியின் வளைவும் ஒத்துப்போகும்; அப்பொழுது கல் வீழ்ந்துகொண்டேயிருந்தும் நிலத்தை எட்டாது. நிலத்திலிருந்து 500 கிலோமீற்றர் உயரத்தில் இவ்வாறு சுற்றுதற்கு வேண்டிய வேகம் செக்கனுக்கு 7.61 கிலோமீற்றராகும்.

எனினும் இவ்வளவு வேகத்தை மட்டும் கொடுத்தாற் போதாது. ஏவூர்தி மேலெழும் நேரம் முழுவதும் பூமி அதனைக் கீழே இழுக்கின்றது. வளிமண்டலம் தடுக்கின்றது. உயரம் ஏறுதற்கும் செலவுண்டு. இவை யாவும் சேர்ந்து செக்கனுக்கு 1.5 முதல் 2 கிலோமீற்றர் வரையிலான வேகத்தை விழுங்குவது வழக்கம். கணக்கின் பொருட்டு 2 எனக் கொள்வோம்.

செலவோடு வரவும் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால், ஏவுதளத்தில் அசையாது நிற்கும் ஏவூர்தியும் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கின்றது. ஸ்ரீஹரிகோட்டா வட அகலக்கோடு 13.7 பாகையில் உள்ளது; அங்கே இவ்வேகம் செக்கனுக்கு 0.45 கிலோமீற்றர். கிழக்கே ஏவினால் இது முழுவதும் இலவசமாய்க் கிடைக்கும். தெற்கே ஏவினால் கிடையாது. ஆகவே கிழக்குப் பாதைக்கு வேண்டிய வேகம் 7.61 + 2 – 0.45 = 9.16, தெற்குப் பாதைக்கு வேண்டியது 9.61.

கிடைக்கும் வேகம்

ஏவூர்தி தன்னிடமுள்ள பொருளைப் பின்னே எறிந்து முன்னே செல்கின்றது. அது பெறும் வேகத்தைக் கூறும் விதியை உருசிய நாட்டுப் பள்ளி ஆசிரியரான சியொல்கொவ்ஸ்கி 1903ஆம் ஆண்டு வெளியிட்டார். புறப்படும்போதுள்ள திணிவை, உந்துபொருள் தீர்ந்தபின் எஞ்சும் திணிவால் வகுக்க. வரும் ஈவின் இயற்கை மடக்கையை எடுக்க. அதனை வாயு வெளியேறும் வேகத்தாற் பெருக்க. விடையே ஏவூர்தி பெறும் வேகமாகும்.

இவ்விதியின் கடுமை மடக்கையில் உள்ளது. ஈவு 2 ஆயின் மடக்கை 0.69, ஈவு 4 ஆயின் 1.39, ஈவு 8 ஆயின் 2.08. ஈவை ஒவ்வொரு முறையும் இரட்டித்தால், பயன் ஒரே அளவினாலேயே கூடுகின்றது. வாயு வெளியேறும் வேகம் 2.7 கிலோமீற்றர் எனின், ஒரே கட்டத்தில் 9.2 கிலோமீற்றர் வேகம் பெறுதற்கு ஈவு 30 ஆதல் வேண்டும். முப்பது பங்கில் இருபத்தொன்பது பங்கு உந்துபொருள். எஞ்சிய ஒரு பங்கினுள்ளே கூடும் கருவியும் சுமையும் அடங்கல் வேண்டும். திண்ம உந்துபொருள் நிரம்பிய கலமொன்றை அத்துணை இலேசாகச் செய்தல் இயலாது. ஆதலினாலேயே ஏவூர்தி பல கட்டங்களாய் அமைக்கப்படுகின்றது. வெறுமையான கட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டால், அடுத்த கட்டம் அதன் பாரத்தைச் சுமக்க வேண்டுவதில்லை.

எஸ்.எஸ்.எல்.வி. மூன்று திண்மக் கட்டங்களையும், இறுதியில் வேகத்தைச் சீராக்கும் ஒரு சிறு திரவப் பகுதியையும் உடையது. முதற்கட்டத்தில் 87 தொன், இரண்டாவதில் 7.7 தொன், மூன்றாவதில் 4.5 தொன் உந்துபொருள் உண்டு. இவை வெளியிடப்பட்ட அளவுகள். கூடுகளின் வெற்றுத் திணிவையும் வாயுவின் வேகத்தையும் நாம் உத்தேசித்துக் கொள்ளல் வேண்டும். முதற்கட்டக் கூடு 18 தொன். மூக்குக் கவசம் உட்பட இரண்டாம் கட்டக் கூடு 1.3 தொன், மூன்றாவது 0.6 தொன், கருவிகளும் திரவப் பகுதியும் 0.4 தொன் எனக் கொள்வோம். வாயுவின் வேகம் முதற்கட்டத்தில் 2.6 எனவும், மேற்கட்டங்களில் 2.8 எனவும் வைப்போம். திரவப் பகுதி தரும் சிறு வேகத்தை விட்டுவிடலாம்.

சுமை 500 கிலோகிராம் ஆயின் கணக்கு வருமாறு:

முதற்கட்டம்: 120 ÷ 33 = 3.64, மடக்கை 1.291, வேகம் 3.36.
இரண்டாம் கட்டம்: 15 ÷ 7.3 = 2.05, மடக்கை 0.720, வேகம் 2.02.
மூன்றாம் கட்டம்: 6 ÷ 1.5 = 4; மடக்கை 1.386, வேகம் 3.88.
மொத்தம்: செக்கனுக்கு 9.26 கிலோமீற்றர்.

இனிச் சுமையை மட்டும் மாற்றி இதே கணக்கை மீண்டும் செய்தால், 300 கிலோகிராமுக்கு 9.61, 250 கிலோகிராமுக்கு 9.71, 50 கிலோகிராமுக்கு 10.15, சுமையே இல்லாதபோது 10.28 என விடைகள் வருகின்றன.

மதிப்பீடு

வேண்டிய வேகமும் கிடைக்கும் வேகமும் சமமாகும் இடமே சுமையின் அளவு. கிழக்குப் பாதைக்கு வேண்டியது 9.16. ஐந்நூறு கிலோகிராமோடு 9.26 கிடைப்பதால் மேலும் அறுபது கிலோகிராம் ஏற்றலாம் என நமது கணக்குக் காட்டுகின்றது. தெற்குப் பாதைக்கு வேண்டிய 9.61 முந்நூறு கிலோகிராமோடு பொருந்துகின்றது. நிறுவனம் கூறும் 500, 300 என்னும் அளவுகளை இவை அண்டி நிற்றல் காண்க. எனினும் இப்பொருத்தத்தை மிகைப்படுத்தல் ஆகாது. நாம் உத்தேசித்த இழப்பில் 0.1 கிலோமீற்றர் மாறினாலும் விடை அறுபது கிலோகிராம் மாறிவிடும். மதிப்பீட்டின் பயன் கடைசிக் கிலோகிராமைக் கூறுவதன்று. எந்தக் காரணம் எவ்வளவு பாரத்தைத் தின்கின்றது எனக் காட்டுவதாகும்.

இக்கணக்கினாற் பெறப்படும் முதலாவது உண்மை, சுமை என்பது ஓர் எச்சம் என்பதாம். வருமானமும் செலவும் இலட்சக்கணக்கில் ஓடும் கடையொன்றில் மிஞ்சும் சிறு இலாபம் போல, இரு பேரளவுகளுக்கிடையே எஞ்சுவதே சுமை. சுமை எதனையும் ஏற்றாது விட்டாலும் ஏவூர்தி பெறும் வேகம் 9.26இலிருந்து 10.28க்கே உயர்கின்றது. வேண்டிய வேகம் பத்திற் சற்று மேல் ஒரு பங்கு கூடினால் ஐந்நூறு கிலோகிராம் முழுவதும் மறைந்துவிடும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது உண்மை, எல்லாக் கிலோகிராமும் ஒரே விலையின அல்ல என்பதாம். மூன்றாம் கட்டக் கூட்டில் ஒரு கிலோகிராம் கூடினால் சுமையில் ஒரு கிலோகிராம் குறையும். முதற்கட்டக் கூட்டிலோ ஏறத்தாழ 29 கிலோகிராம் கூடினாற்றான் சுமையில் ஒரு கிலோகிராம் குறையும். முதற்கட்டம் விரைவிற் கழற்றப்படுவதே இதற்குக் காரணம். ஏவூர்தி அமைப்போர் மேற்கட்டங்களில் ஆணியொன்றையும் எண்ணிச் சேர்ப்பது இதனாலாகும்.

வாயு வெளியேறும் வேகத்தின் வலிமையை அறிய நியூசிலாந்திலிருந்து ஏவப்படும் எலெக்ட்ரான் என்னும் ஏவூர்தியை நோக்கலாம். அதன் நிறை ஏறத்தாழ 13 தொன்னே. சுமையோ 300 கிலோகிராம் வரை. மண்ணெண்ணெய் வகையும் திரவ ஒட்சிசனும் எரிதலால் வாயு விரைந்து வெளியேறுகின்றது. கரியிழையாற் செய்த கூடு மிக இலேசானது. எஸ்.எஸ்.எல்.வி. பன்மடங்கு பாரமாயிருப்பது அதன் குறையெனக் கொள்ளல் வேண்டா. திண்ம உந்துபொருளை முன்னரே நிரப்பி வைக்கலாம், சில நாட்களில் ஊர்தியைப் பொருத்தி ஏவலாம், செலவும் சுருங்கும். பாரம் வேறு, பயன் வேறு.

எச்சம் எவ்வளவு மெல்லியது என்பதை எஸ்.எஸ்.எல்.வி.யின் முதற்பயணமே காட்டிற்று. 2022 ஓகஸ்ட் 7ஆம் நாள் அது ஈ.ஓ.எஸ்.–02, ஆசாதிசாட் என்னும் இரு செய்மதிகளோடு எழுந்தது. மூன்று திண்மக் கட்டங்களும் எரிந்து முடிந்தன. ஆயின் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வைக் கண்டு, வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் பழுதுற்றன எனக் கணினி தவறாக முடிவுசெய்தது. அதனால் இறுதித் திரவப் பகுதி இயங்கவில்லை. 356 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாய்ச் சுற்றவேண்டிய செய்மதிகள், ஒருபுறம் 356, மறுபுறம் 76 கிலோமீற்றர் உயரமுள்ள நீள்வட்டத்தில் விடப்பட்டு, வளிமண்டலத்துட் புகுந்து அழிந்தன. குறைந்த வேகத்தைக் கணித்தால் அது செக்கனுக்கு 0.08 கிலோமீற்றரே; வேண்டிய வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி பெற்றும் சித்தியெய்தாத சோதனை இது ஒன்றே போலும்.

குறை திருத்தப்பட்டது. 2023 பெப்ரவரி 10ஆம் நாள் ஈ.ஓ.எஸ்.–07 முதலிய மூன்று செய்மதிகள், ஏறத்தாழ 175 கிலோகிராம், 450 கிலோமீற்றர் உயரத்திற் சேர்க்கப்பட்டன. 2024 ஓகஸ்ட் 16ஆம் நாள் 175.5 கிலோகிராம் நிறையுள்ள ஈ.ஓ.எஸ்.–08 சென்றது. இம்மூன்று பயணங்களும் பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 37 பாகை சாய்ந்த பாதைகளை நாடியவை. தென்துருவம் நோக்கிய பாதையை அவற்றுள் எதுவும் நாடவில்லை. அதன் காரணம் வட இலங்கையின் படத்தை விரித்தாற் புலனாகும்.

வட இலங்கையும் தென்திசைப் பாதையும்

பூமியை நோக்கும் செய்மதிகளுக்கு மிக உகந்தது துருவங்களை அண்டிய பாதையாகும். செய்மதி வடக்கும் தெற்குமாய்ச் சுற்ற, பூமி அதன்கீழ்க் கிழக்கே திரும்புவதால், உலகின் எல்லாப் பகுதியும் அதன் கண்ணிற் படும். சாய்வு 97 பாகையை அண்டியிருந்தால் ஒவ்வோரிடத்தையும் ஒரே உள்ளூர் நேரத்தில் அது கடக்கும். இரணைமடுவின் நீர்ப்பரப்பை இவ்வாரமும் அடுத்த வாரமும் படம் பிடித்தால், வெயிலின் சாய்வு ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால், வேறுபாடு நீரினுடையதே எனத் துணியலாம். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் கீழுள்ள வயல்களின் பசுமையையும் இங்ஙனமே ஒப்பிடலாம்.

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் கிழக்கு நெடுங்கோடு 80.2 பாகையில் உள்ளது. அவ்விடத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கிழித்தால், ஏறத்தாழ 430 கிலோமீற்றரில் அது பருத்தித்துறையைத் தொடும். மேலுஞ் சென்றால் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடந்து, பூநகரிப் பக்கமாக வன்னி பெருநிலத்துட் புகுந்து, மடுவை அண்டிச் செல்லும். மேற்கூறிய 97 பாகைப் பாதை இக்கோட்டினின்றும் சற்று மேற்கே சாய்ந்து பாக்கு நீரிணையை அண்டிச் செல்லும். அங்கும் இருமருங்கும் மக்கள் வாழும் நிலமே.

ஏவூர்தியின் எரிந்து முடிந்த கட்டங்கள் ஏவுதளத்திலிருந்து சில நூறு கிலோமீற்றருக்கு அப்பால் வீழ்வன. பழுது நேர்ந்தால் முழு ஊர்தியுமே வீழ்தல் கூடும். ஆதலின் மக்கள் வாழும் நிலத்தின் மீது ஏவூர்தியைச் செலுத்தாமை விதியாயிற்று. வானிலிருந்து இரும்பு வீழ்வதன் பொருளைப் போர்க்காலத்தில் அறிந்த வன்னி மக்களுக்கு இவ்விதியின் நியாயத்தை விரித்துரைத்தல் வேண்டா.

எனவே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதையை நாடும் ஏவூர்தி முதலில் தென்கிழக்கே சென்று, இலங்கையைக் கிழக்கே விலக்கிக் கடந்தபின், தெற்கு நோக்கித் திரும்புகின்றது. விரைந்து செல்லும் பொருளைத் திருப்புதல் மிகுந்த செலவுடையது. செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஏவூர்தியை ஒரே இடத்தில் 10 பாகை திருப்புதற்கு 0.52 கிலோமீற்றர் வேகம் செலவாகும். அச்செலவைத் தெற்குப் பாதைக்கு வேண்டிய 9.61உடன் கூட்டினால் 10.13 ஆகின்றது, நமது கணக்கின்படி எஞ்சும் சுமை அறுபது கிலோகிராமுக்கு மேற்படாது. 13 பாகை திருப்பினால் செலவு 0.68, வேண்டிய வேகம் 10.29. சுமையற்ற ஏவூர்தியும் அதனை எட்டாது. சிறிது சிறிதாக, வேகம் பெற்றுக்கொண்டே திரும்பினால் இச்செலவு ஓரளவு குறையும். ஆயினும் தீவைச் சுற்றிச் செல்லத் திரும்பவேண்டிய கோணமோ இதனினும் மிகப் பெரிது.

பி.எஸ்.எல்.வி. என்னும் பெரிய ஏவூர்தி இச்செலவைத் தாங்க வல்லது. இவ்வாறு வளைந்து சென்றும் 600 கிலோமீற்றர் உயரத்துக்கு 1,750 கிலோகிராமை அது சுமக்கின்றது. செல்வன் செலுத்தும் வரி அவன் இலாபத்திற் கொஞ்சத்தைக் குறைக்கும். அதே வரி ஏழையின் முதலையே கொண்டுபோகும். சிறிய ஏவூர்தியின் நிலையும் அதுவே.

இவ்விடுக்கணுக்கு விடையாகவே தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைக்க 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. முத்தாரம்மன் கோயில் தசராவால் தமிழர் நன்கறிந்த ஊர் அது. கிழக்கு நெடுங்கோடு 78 பாகையில் உள்ள அவ்வூரிலிருந்து தெற்கே நோக்கினால் இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கின்றது. மாலைதீவு மேற்கே ஒதுங்கி நிற்கின்றது. இடையே தென்துருவக் கண்டம் வரை வெறுங்கடலே. வளைதல் வேண்டா, ஆதலின் முந்நூறு கிலோகிராமும் நிலைபெறும். அதே ஊர்தி, அதே உந்துபொருள். புறப்படும் இடம் மட்டுமே வேறு.

முந்நூறு கிலோகிராம் சிறிதன்று. இலங்கைப் பொறியியலாளர் யப்பானிய நிறுவனமொன்றில் அமைத்த ராவணா–1 என்னும் செய்மதி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையும் அரைச் சாண் அளவும் உடையது. 2019 ஏப்பிரலில் அமெரிக்க ஏவூர்தியொன்றில் விண்வெளி நிலையத்துக்குச் சென்று, அவ்வாண்டு யூன் 17ஆம் நாள் அங்கிருந்து அது விடப்பட்டது. அத்தகைய சிறு செய்மதிகள், ஏற்றும் கருவிகளின் நிறை போகவும், ஒரே பயணத்திற் பல செல்லுதல் கூடும். தனக்கென ஏவூர்தி இல்லாத சிறு நாடொன்றுக்கு அண்டையிலுள்ள இத்தகைய வாய்ப்பு கருதத்தக்கதாகும்.

ஆகவே ஏவூர்தியின் சுமை பற்றிய செய்தியைக் காணும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. எவ்வுயரத்துக்கு? எத்திசையில்? எவ்விடத்திலிருந்து? இம்மூன்றும் அறியப்பட்டால், மடக்கை அட்டவணையும் ஒரு தாளும் கொண்டு எவரும் உண்மையை அண்ணளவாக அறியலாம். ஒரு நாட்டின் பொறிவன்மை மட்டுமன்றி, பூமியின் சுழற்சியும், கரையின் வளைவும், பாதையின் கீழ் வாழும் மக்களின் பாதுகாப்பும் அக்கணக்கில் இடம்பெறுகின்றன. வன்னியை விலக்கிச் செல்லுதற்கு ஏவூர்தி கொடுக்கும் விலை வேகமாகவும், வேகத்தின் விலை சுமையாகவும் அங்கே எழுதப்படுகின்றது. அவ்விலை கொடுக்கத்தக்கதே என்பதில் ஐயமில்லை. விலையைக் குறைக்க வேறிடம் தேடியதே அறிவுடைமை.